‘அறைக்குள் திருடினாள்’: ஒளிவுமறைவைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களைப் பழகும் வழி

என் முதல் மொழிபெயர்ப்பு ஒரு துப்பறியும் கதை. நள்ளிரவு, இருட்டுப் படிக்கட்டு, ஒரு பெண். ஆங்கிலத்தில் ‘ஷி ஸ்டோல் இன்டு த ரூம்’ என்று இருந்தது. அகராதியைத் தொடவே இல்லை. ‘ஸ்டீல்’ என்றால் திருடு, ‘ஸ்டோல்’ அதன் இறந்தகாலம்; பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததுதானே? ‘அவள் அறைக்குள் திருடினாள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மெய்ப்புப் பார்த்த பெரியவர் அந்த வரியின் கீழே சிவப்பு மையால் கோடிழுத்து, ஓரத்தில் இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்: ‘எதைத் திருடினாள்?’

முன்னும் பின்னும் நான்கு பக்கம் புரட்டினேன். அந்த அறையில் ஒரு குண்டூசிகூடக் காணாமல் போகவில்லை. வெட்கத்தை விட்டு அவரிடமே போய் நின்றேன். “அவள் ஒன்றையும் எடுக்கவில்லை அம்மா. திருடுகிறவன் எப்படி வருவானோ அப்படி வந்தாள், அவ்வளவுதான்” என்றார்.

அன்று மாலையே ஒரு நீள நோட்டு வாங்கினேன். ஒளிவது, பதுங்குவது, நழுவுவது, ஒட்டுக்கேட்பது சம்பந்தமாகக் கண்ணில் படும் ஆங்கிலச் சொற்களை எல்லாம் அதில் குறித்துவைக்கும் பழக்கம் வந்தது. இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. ஆங்கிலத்தில் எழுதப் பழகுகிறவர்களுக்கும், ஆங்கிலக் கதைகளைத் தமிழில் தர விரும்புகிறவர்களுக்கும் உதவக்கூடியதை அதிலிருந்து எடுத்துச் சொல்கிறேன்.

முதல் வேலை, ‘சீக்ரெட்லி’ என்ற சொல்லைக் கொஞ்ச நாள் பெட்டியில் வைத்துப் பூட்டுவது. நம்மவர் எழுதும் ஆங்கிலத்தில் எல்லாரும் ‘சீக்ரெட்லி’ வருகிறார்கள், ‘சீக்ரெட்லி’ போகிறார்கள், ‘சீக்ரெட்லி’ பார்க்கிறார்கள். பிழை இல்லை, ருசியும் இல்லை. காரணம் நம் மொழியின் அமைப்பு. ‘பதுங்கிப் பதுங்கி வந்தான்’, ‘ஓசைப்படாமல் நுழைந்தான்’, ‘கமுக்கமாக வெளியேறினான்’ என்று எப்படி என்பதை ஒரு சொல்லிலும், அசைவை இன்னொரு சொல்லிலும் வைப்பது நமக்குப் பழக்கம். ஆங்கிலம் இரண்டையும் ஒரே வினைச்சொல்லில் போட்டு அடைத்துவிடும். திசையைக் காட்ட மட்டும் ‘இன்’, ‘அவுட்’, ‘அவே’, ‘பாஸ்ட்’ என்று ஒரு சின்ன வாலை ஒட்டும். ‘ஸ்லிப்ட் அவுட்’ என்ற இரண்டு சொல்லுக்குள் ஓசையின்மை, வேகம், வெளியேறல் மூன்றும் இருக்கின்றன. ஆகவே பெயரடைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வினைச்சொற்களிலிருந்து தொடங்குங்கள்.

அவற்றை உட்கார்ந்து படிக்காதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு நடந்து பாருங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நான் அப்படித்தான் கற்றேன். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் முதல் வாரத்தோடு போய்விடும்.

குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் நடந்தால் ‘டிப்டோ’. இதில் குற்றமே கிடையாது. உறங்கும் குழந்தையைத் தாண்டிப் போகும் தாய் செய்வதும் இதுதான். உடம்பைத் தாழ்த்தி, மிக மெதுவாக, ஒவ்வோர் அடிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனால் ‘க்ரீப்’, இறந்தகாலம் ‘க்ரெப்ட்’. இந்தச் சொல் மனிதரோடு நிற்பதில்லை. சுவரில் கொடி ‘க்ரீப்’ செய்யும், மாலையில் நிழல் செய்யும், விலைவாசியும் செய்யும். நம் கண் எதிரே நடந்தும் நடப்பது தெரியாத எல்லா நகர்வுக்கும் இது பொருந்தும். ‘ஸ்லிப்’ நேர் எதிர். ஈரக் கையிலிருந்து சோப்பு போவது போல வழுக்கிக்கொண்டு போவது. வேகம் உண்டு, தடங்கல் இல்லை. நம் ‘நழுவு’ இதற்குக் கச்சிதமான ஜோடி.

‘ஸ்னீக்’ செய்கிறவனுக்கு, தான் செய்வது தப்பு என்று தெரியும். சமையலறைக்குள் இனிப்புக்காகப் போகும் சிறுவனிலிருந்து அனுமதிச் சீட்டு இல்லாமல் அரங்கில் புகுகிறவர் வரை எல்லாரும் இதில் அடக்கம். சின்னத் தப்பு என்ற தொனி எப்போதும் இருக்கும்; கொலைகாரனை ‘ஸ்னீக்’ செய்யவிட்டால் அவன் பயமுறுத்த மாட்டான், சிரிப்புதான் வரும். இறந்தகாலத்தில் ‘ஸ்னீக்ட்’ பழையது, ‘ஸ்னக்’ அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் கிளம்பியது. இன்று இரண்டும் செல்லும். ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். நாம் காலில் மாட்டும் ‘ஸ்னீக்கர்ஸ்’ இதே சொல்லின் பிள்ளை. ரப்பர் அடிப்பாகம் சத்தம் எழுப்பாது என்பதால் வந்த பெயர்.

திட்டு வாங்கிய நாய் வாலை ஒடுக்கி, தலையைக் குனிந்து, யார் கண்ணையும் பார்க்காமல் போகிறதே, அது ‘ஸ்லிங்க்’, இறந்தகாலம் ‘ஸ்லங்க்’. இதில் வெட்கமோ குற்றவுணர்வோ கலந்திருக்க வேண்டும். பம்மிப் பம்மிப் போவது என்பேன். ‘ப்ரௌல்’ இரை தேடும் விலங்கின் நடை. எது அகப்படும் என்று தெரியாமல் சுற்றுவது. ஆளைக் குறித்துவிட்டு விடாமல் பின்தொடர்ந்தால் அது ‘ஸ்டாக்’. ஒருவரைத் தொடர்ந்து வேவு பார்த்துத் தொல்லைப்படுத்தும் குற்றத்துக்கு ‘ஸ்டாக்கிங்’ என்று பெயர் வந்தது இந்த வேட்டையிலிருந்துதான்.

‘லர்க்’ கொஞ்சம் ஏமாற்றும். ஓசையில்லாமல் நடப்பது என்று எழுதி வைத்திருந்தேன், தப்பு. ‘லர்க்’ செய்கிறவன் நடக்கவே மாட்டான். தூணுக்குப் பின்னால், கதவு இடுக்கில், எதற்காகவோ காத்து நிற்பான். இணையக் குழுவில் சேர்ந்து, எல்லாவற்றையும் படித்து, ஒரு வரியும் எழுதாதவரை ‘லர்க்கர்’ என்பது இதனால்தான். ‘ஸ்கல்க்’ அதன் கோழைத் தம்பி. வேலையிலிருந்தோ ஆபத்திலிருந்தோ தப்பிக்க மூலையில் பதுங்குவது.

இதை எல்லாம் ஒரே காட்சியில் போட்டுப் பாருங்கள். கூட்டம் தொடங்கி இருபது நிமிடம் ஆகிவிட்டது. மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். தாமதமாக வந்த ஒருவர் கதவைத் திறக்கிறார். யாரும் திரும்பவில்லை என்றால் அவர் ‘ஸ்லிப்ட் இன்’. கதவு கிரீச்சிடும் என்று பயந்து அங்குலம் அங்குலமாக வந்தால் ‘க்ரெப்ட் இன்’. அழைப்பே இல்லாதவர் என்றால் ‘ஸ்னீக்ட் இன்’. வரிசைக்குள், உட்கார்ந்திருப்பவர்களின் முழங்கால்களைத் தாண்டி, பக்கவாட்டில் நண்டு போல நகர்ந்தால் ‘சைடில்ட் அலாங்’. பேச்சாளர் அவரைப் பார்த்து “வாருங்கள், வாருங்கள்” என்று நக்கலாக வரவேற்க, அவர் முகம் சிவந்து வெளியேறினால் ‘ஸ்லங்க் அவுட்’. கதவு ஒன்று, ஆள் ஒருவர். வினைச்சொல் மாறும்போது கதையே மாறிவிடுகிறது. இந்தப் பயிற்சியைத் தாளில் செய்து பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

பெயரடைகளுக்கு வருவோம். இங்கே எனக்கு உதவியது அந்தப் பெரியவரின் திருடன்தான்.

‘ஸ்டெல்த்’ என்ற சொல் ‘ஸ்டீல்’ குடும்பம். இடைக்கால ஆங்கிலத்தில் அதற்குத் திருட்டு என்றே பொருள் இருந்தது. ‘ஃபர்ட்டிவ்’ இலத்தீனில் திருடனைக் குறிக்கும் ‘ஃபூர்’ என்பதிலிருந்து வந்தது. பொந்துக்குள் நுழைந்து முயலை விரட்டும் ‘ஃபெரட்’ என்ற கீரி போன்ற விலங்கின் பெயரும் அங்கிருந்துதான், குட்டித் திருடன். ‘சரப்டிஷஸ்’ இலத்தீனில் கமுக்கமாகப் பறித்துக்கொள்வது என்ற வினையிலிருந்து வந்தது. ஒளிந்து செய்வது என்றாலே திருடனைத்தான் நினைத்திருக்கிறார்கள்.

நாம் மட்டும் என்னவாம்? களவு, கள்ளம், கள்ளப் பார்வை, கள்ளச் சிரிப்பு எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. அகப்பாடல்களில் ஊரறியாமல் காதலிப்பதற்கே களவு என்றுதானே பெயர்? அங்கே யாரும் எதையும் திருடவில்லை. ‘ஸ்டோல் இன்டு த ரூம்’ என்பதில் நான் தடுக்கி விழுந்திருக்கவே கூடாது. களவு என்ற சொல்லை வைத்திருக்கும் மொழிக்காரிக்கு அது பட்டென்று புரிந்திருக்க வேண்டும். ‘கிளாண்டெஸ்டின்’ என்ற சொல்லுக்கும் இந்தக் களவுதான் கை கொடுத்தது. இங்கிலாந்தில் 1753-இல் ஒரு திருமணச் சட்டம் வந்தது. தேவாலயத்தில் முன்னறிவிப்போ உரிமமோ இல்லாமல் நடந்த ‘கிளாண்டெஸ்டின்’ திருமணங்களைத் தடுப்பதே அதன் நோக்கம். களவு மணம் என்று மொழிபெயர்த்தால் வேறு விளக்கமே வேண்டாம். தடை செய்யப்பட்ட சந்திப்பு, தலைமறைவு அச்சகம், கள்ளத் தொடர்பு போன்றவற்றுக்கு இந்தச் சொல். ஒரே ஒரு பார்வைக்கோ ஒரு கணத்துச் செயலுக்கோ இது பொருந்தாது. திட்டமும் ஏற்பாடும் வேண்டும்.

ஒரு கணத்துச் செயலுக்கு ‘சரப்டிஷஸ்’. மேசைக்கு அடியில் கைபேசியைப் பார்ப்பது, கொட்டாவியைக் கையால் மறைத்து விடுவது, கடிகாரத்தை ஓரக்கண்ணால் நோட்டம் விடுவது. பெரிய சொல், சின்னக் காரியம்.

‘ஃபர்ட்டிவ்’ எனக்குப் பிடித்த விசித்திரம். ஒருவனின் பார்வை ‘ஃபர்ட்டிவ்’ என்று எழுதினால், அதை வேறு யாரோ பார்த்துவிட்டார்கள் என்று பொருள். உண்மையிலேயே யாருக்கும் தெரியாமல் பார்த்திருந்தால் அந்தச் சொல்லைச் சொல்ல அங்கே ஆளே இல்லை. அது மறைக்கிறவனின் பதற்றத்தைக் காட்டும் சொல். திருட்டு முழி என்கிறோமே, அதுதான். ‘ஸ்டெல்த்தி’ அப்படி அல்ல. அதில் பதற்றம் கிடையாது, பொறுமை உண்டு, திறமை உண்டு. பூனை ‘ஸ்டெல்த்தி’, பூனையிடம் பாலைப் பறிகொடுத்துவிட்டு, தான் குடித்ததாக மாட்டிக்கொண்ட சிறுவன் ‘ஃபர்ட்டிவ்’. இரண்டுக்கும் தமிழில் ‘கள்ளத்தனமான’ என்று ஒரே சொல்லைப் போட்டால் பூனைக்கும் அநியாயம், சிறுவனுக்கும் அநியாயம்.

இந்தச் சொற்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றும் ஆளைப் பழிக்கிறதா, பாராட்டுகிறதா, சும்மா இருக்கிறதா என்று நோட்டில் ஓரமாக ஒரு குறி போடுங்கள். நான் பழிப்பதற்குக் கழித்தல் குறியும் பாராட்டுவதற்குக் கூட்டல் குறியும் போடுகிறேன். ‘டிஸ்க்ரீட்’ கூட்டல், அடுத்தவர் மானம் போகாமல் காப்பவர், காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிப்பவர். ‘அண்டர்ஹேண்ட்’, ‘ஸ்னீக்கி’, ‘ஸ்லை’ எல்லாம் கழித்தல். ‘கோவர்ட்’ சும்மா இருக்கும் சொல். மூடிய என்று மட்டும் பொருள், அரசும் உளவுத்துறையும் செய்வதற்கு அதிகம் வரும். ‘கவர்ட்’ என்றும் உச்சரிப்பார்கள், இரண்டும் சரி. ‘சீக்ரெட்டிவ்’ என்பதை ‘சீக்ரெட்’ என்பதோடு குழப்பாதீர்கள். விஷயம் ‘சீக்ரெட்’, எதையும் வாய்விட்டுச் சொல்லாத ஆள் ‘சீக்ரெட்டிவ்’. அழுத்தக்காரன் என்று தமிழில் சொன்னால் ‘சீக்ரெட்டிவ்’ பாதி வந்துவிடும்.

‘டிஸ்க்ரீட்’ என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு இருக்கின்றன. நாசூக்கானது ஒன்று, தனித்தனியானது மற்றொன்று. எழுத்துக்கூட்டலில் நாசூக்கானதில் இரண்டு ‘ஈ’ ஒட்டி உட்கார்ந்திருக்கும். தனித்தனியானதில் இரண்டு ‘ஈ’க்கும் நடுவே ‘டி’ புகுந்து பிரித்துவிடும். பிரிப்பதுதானே அதன் பொருள்? ஒருமுறை இப்படிப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

யாரும் கவனிக்காமல் போவதற்கு வேறொரு கூட்டம் இருக்கிறது, இங்கே வேண்டியது கொஞ்சம் துல்லியம். ‘அன்சீன்’ என்றால் கண்ணிலேயே படவில்லை. ‘அன்நோட்டீஸ்ட்’ என்றால் கண்ணில் பட்டிருக்கலாம், மனத்தில் பதியவில்லை. ‘அன்டிடெக்டட்’ என்றால் யாரோ தேடிக்கொண்டிருந்தார்கள், கோட்டைவிட்டார்கள். நோய்க்கும் ஊடுருவலுக்கும் ‘அன்டிடெக்டட்’ வருவது இதனால். ‘இன்கான்ஸ்பிக்யுவஸ்’ என்றால் கூட்டத்தில் எடுப்பாகத் தெரியாத தோற்றம். ‘இன்காக்னிட்டோ’ இத்தாலியச் சொல். ஆள் தெரிகிறார், இன்னார் என்பதுதான் தெரியவில்லை.

இந்தக் கடைசி இரண்டையும் பிரித்துப் பார்க்க ரஷ்யப் பேரரசர் மகா பீட்டரை நினைத்துக்கொள்வேன். 1697-இல் மேற்கு ஐரோப்பாவுக்குப் போனபோது பீட்டர் மிகைலோவ் என்ற பெயரில் சாதாரண ஆளாகப் பயணம் செய்தார், நெதர்லாந்தின் கப்பல் கட்டும் துறையில் தச்சரோடு தச்சராக வேலையும் பார்த்தார். பயணம் ‘இன்காக்னிட்டோ’தான். ஆனால் மனிதரின் உயரம் இரண்டு மீட்டருக்கு மேல். எங்கே போனாலும் கூட்டம் கூடிவிட்டது. ‘இன்காக்னிட்டோ’வாக இருந்தார், ‘இன்கான்ஸ்பிக்யுவஸ்’ ஆக முடியவில்லை.

‘அண்டர் த ரேடார்’ விமானிகளிடமிருந்து வந்தது. ரேடார் அலைகளுக்குச் சிக்காமல் தாழப் பறப்பது. அமெரிக்காவின் எஃப்-117 விமானம் தாழப் பறக்காமலேயே ரேடாரை ஏமாற்றும்படி உருவாக்கப்பட்டது. ‘ஸ்டெல்த்’ என்ற சொல்லை உலகத்து வாய்களில் எல்லாம் போட்டதில் அதற்குப் பெரிய பங்கு. 1981-இல் பறக்கத் தொடங்கிய விமானத்தைப் பற்றி 1988 வரை அந்த அரசு வாயே திறக்கவில்லை. அந்த ஏழு வருடத்துக்கான ஆங்கிலம் ‘ஹஷ்-ஹஷ்’.

அலுவலகச் சொற்களில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. ‘கான்ஃபிடென்ஷியல்’ நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்டது. ‘கிளாசிஃபைட்’ அரசு தரம் பிரித்துப் பூட்டியது. நண்பரின் காதல் கதை முதலாவதாக இருக்கலாம், இரண்டாவதாக இருக்க முடியாது. ‘பிரைவேட்’ வெளியாருக்குச் சம்பந்தமில்லாதது; நம் அந்தரங்கம்.

ஆனால் ‘இன் கேமரா’ என்ற இடத்தில் நின்றுதான் ஆகவேண்டும். நீதிமன்றச் செய்தி ஒன்றில் இது வந்தபோது ‘கேமரா முன்னிலையில் விசாரணை’ என்று எழுதினேன். உண்மைக்கு நேர் எதிர். ‘கேமரா’ இலத்தீனில் வளைகூரை உள்ள அறை. ‘இன் கேமரா’ என்றால் அறைக்குள், அதாவது பொதுமக்களும் செய்தியாளர்களும் இல்லாத மூடிய விசாரணை. புகைப்படக் கருவிக்கு அந்தப் பெயர் வந்த கதை வேறு: இருட்டறை ஒன்றில் சின்னத் துளை வழியே வெளிக்காட்சி தலைகீழாக விழும் ‘கேமரா அப்ஸ்க்யூரா’விலிருந்து வந்தது. அறை போய்விட்டது, கருவி பெயரை வைத்துக்கொண்டது. இந்த முறை சிவப்பு மையால் எழுதப் பெரியவர் இல்லை, அச்சாகிவிட்டது. இப்போதும் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது.

ஒட்டுக்கேட்பதற்கு ‘ஈவ்ஸ்ட்ராப்’. கூரை விளிம்பிலிருந்து மழைநீர் சொட்டும் இடத்துக்கு அந்தக் காலத்தில் ஏறத்தாழ இந்தப் பெயர்தான். அங்கே நின்றுகொண்டு உள்ளே பேசுவதைக் கேட்டவர் ‘ஈவ்ஸ்ட்ராப்பர்’ ஆனார். ஆங்கிலேயர் இறவாரத்தின் கீழே நின்று கேட்கிறார். நம்மவர் சுவரோடு காதை ஒட்டிக் கேட்கிறார். கதைக்குள் இதைக் கொண்டுவரும்போது ‘ஓவர்ஹியர்’ என்பதோடு குழப்பிவிடாதீர்கள். அது தற்செயல், காதில் விழுந்தது. ஒரு பாத்திரம் பிற்பாடு “வேண்டுமென்று கேட்கவில்லை” என்று சாதிக்கும் வழக்குகளில் முழுச் சண்டையும் இந்த இரண்டு வினைச்சொற்களுக்கு நடுவில்தான் நடக்கும்.

மறைத்தது வெளியே வருவதற்கான தொடர்களை நேரடியாகப் பெயர்க்காதீர்கள். பையிலிருந்து பூனையை விடுவதும் அவரையைக் கொட்டுவதும் அவர்கள் பாடு. குட்டு உடைந்தது, சாயம் வெளுத்தது, உளறிக் கொட்டினான் என்று நமக்கே வேண்டிய அளவு இருக்கிறது. அதிலும் வித்தியாசம் உண்டு: சாயம் வெளுப்பது போலி ஆளுக்கு, குட்டு உடைவது சூழ்ச்சிக்கு, உளறுவது வாய் காக்கத் தெரியாதவருக்கு. ‘ஸ்பில் த பீன்ஸ்’ பெரும்பாலும் மூன்றாவது. ‘பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது’ என்று பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறேன். அது இங்கேயே பிறந்த பூனை போலப் பழகிவிட்டது. இனி விரட்ட முடியாது என்று விட்டுவிட்டேன்.

நோட்டு எப்படி வைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: அகர வரிசை வேண்டாம். ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். மேலே சொல், அதன் இறந்தகாலம், ஒட்டும் வால்கள். அடுத்து கூட்டல் அல்லது கழித்தல். அதன் கீழே நீங்கள் படித்த இடத்தில் அதைச் செய்தவர் யார், யாரிடமிருந்து மறைத்தார் என்று ஒரே வரி. பொருள் எழுதும் இடத்தை உடனே நிரப்பாதீர்கள். மூன்று வேறு இடங்களில் அந்தச் சொல்லைச் சந்தித்த பிறகு தமிழ் எழுதுங்கள். முதல் சந்திப்பில் எழுதியதை நான் பாதிக்கு மேல் அடித்திருக்கிறேன். ‘லர்க்’ பக்கம் அப்படித்தான் ஒரே கிறுக்கலாகக் கிடக்கிறது.

‘சைடில்’ பக்கத்தில் பொருள் இன்னும் எழுதவில்லை. வரிசைக்குள் நகர்வதற்கு நண்டை வைத்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் காரியம் ஆகவேண்டிய ஒருவர், எதேச்சையாக வந்தவர் போலப் பாவனை செய்து, எங்கோ பார்த்தபடி, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து நம் தோளருகே வந்து நிற்பாரே, அந்த ‘சைடில் அப்’புக்கு ஒற்றைச் சொல் அகப்படவில்லை. நைச்சியமாக ஒட்டினான் என்று ஒரு முறை எழுதி, அடித்து, இடத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.